ஊற்றுக்கண் தேடுக!

(தென்காசியில் மாணவர்க்கான ஆய்வுப் பயிற்சி அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

தென்காசியில் சிற்றாற்றங்கரையில் நின்று நீரை அள்ளிப் பார்ப்பவன், அது கலங்கியிருப்பின் கலக்கம் எங்கே நேர்ந்தது என்று நின்ற இடத்திலேயே அறிந்துவிட முடியாது. ஆற்றை எதிரேறி நடக்க வேண்டும். குற்றாலத்துப் பேரருவியைக் காண வேண்டும். அதற்கும் மேலே செண்பக அருவி, அதற்கும் மேலே தேனருவி என ஏற வேண்டும். ஏற ஏற நீர் தெளியும். எந்த வாய்க்கால் வந்து கலந்தது, எந்த மண் கரைந்தது என்பதும் தெரியவரும். செய்தியும் ஆற்று நீர் போன்றதே. காதுக்கு வந்து சேரும்பொழுது அதனுள் எத்தனையோ வாய்க்கால்கள் கலந்திருக்கும். அதன் ஊற்றுக்கண்ணைத் தேடிச் செல்வதற்குப் பெயரே ஆராய்ச்சி.

இஃது ஏதோ கல்லூரித் தேர்வுக்குரிய சிறு பயிற்சி என்று எவரும் எண்ணிவிடலாகாது. ஒரு மாணவன் மேடையேறித் தமிழின் தொன்மையைப் பற்றி முழங்குகிறான் எனக் கொள்க. அவையிலிருந்து ஒருவர் எழுந்து, “தம்பி, இச்செய்தி எந்நூலில் உள்ளது?” என்று அமைதியாகக் கேட்கிறார். “எல்லாரும் சொல்கிறார்களே” என்கிறான் மாணவன். அந்த நொடியில் தோற்பது அவன் மட்டுமா? அவன் சொன்ன பத்துச் செய்திகளுள் ஒன்பது மெய்யாக இருக்கலாம். சான்றில்லாத அந்த ஒன்று ஏனைய ஒன்பதையும் இழுத்துக்கொண்டு வீழும். தமிழைப் பழிப்பார்க்குத் தமிழனே வடித்துக் கொடுக்கும் படைக்கலம், சான்றில்லாத பெருமை. ஆகலின் தமிழ்ப்பற்று மிக்கவனுக்கே சான்று தேடும் கடமை மற்றவரினும் மிகுதி.

முதல், வழி, சார்பு

இக்காலக் கல்லூரிகளில் முதன்மைச் சான்று, இரண்டாம் நிலைச் சான்று என்று கற்பிக்கின்றனர். மேலைநாட்டார் கண்டுபிடித்துத் தந்த புதுமை என்று மாணவர் பலர் இதனை எண்ணுகின்றனர். தொல்காப்பிய மரபியல் நூலை முதனூல், வழிநூல் என இரண்டாகப் பிரித்தது. நன்னூலார் சார்புநூல் என மூன்றாவதொன்றையும் வைத்தார். தொல்காப்பியர் தம் நூல் நெடுகிலும் “என்ப” என்றும் “என்மனார்” என்றும் முன்னோர் கூற்றை முன்னோர்க்கே உரிமையாக்கிச் செல்கின்றார். பிறர் சொன்னதைப் பிறர் சொன்னது என்றே சொல்லும் நேர்மை தமிழ் இலக்கண மரபின் முதற்பாடம்.

வழிநூல் நால்வகைப்படும் என்றும் மரபியல் கூறும்: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல். ஆய்வு மாணவன் இந்நான்கையும் நான்கு எச்சரிக்கையாகக் கொள்ளலாம். தொகுத்துச் சொன்னவன் எதையேனும் விட்டிருப்பான், விடப்பட்டது யாது? விரித்துச் சொன்னவன் எதையேனும் சேர்த்திருப்பான், சேர்த்தது யாது? இரண்டையும் ஒருங்கே செய்தவனிடம் இரு வினாவும் கேட்க வேண்டும். மொழிபெயர்த்தவனிடத்துச் சொல்லின் பொருள் இடம் மாறியிருக்கும், மாறியது எங்கே? கையிலுள்ள நூல் இந்நான்கனுள் எவ்வகையது என்று தெளியாமல் அதிலிருந்து ஒரு வரியையும் எடுத்தாளலாகாது.

கல்வெட்டுத் துறையையே எடுத்துக்கொள்க. ஆண்டுதோறும் அத்துறை வெளியிட்ட ஆங்கில அறிக்கைகளில் ஒரு முழுக் கல்வெட்டு இரண்டு மூன்று வரிகளில் சுருக்கித் தரப்பட்டிருக்கும். அது தொகை. கல்லில் ஐம்பது வரி இருக்க, அறிக்கையின் இரண்டு வரியைப் படித்துவிட்டுக் கல்வெட்டையே படித்துவிட்டதாக எழுதுவது பிழை. அதில் ஊரவையின் பெயர் இருக்கலாம். அளவுகோலின் பெயர் இருக்கலாம். இன்று வழக்கற்றுப்போன தூய தமிழ்ச்சொல் இருக்கலாம். சுருக்கியவர்க்கு அவை வேண்டாதனவாகத் தோன்றியிருக்கும். தமிழ்ச்சொல் தேடுவானுக்கோ அவையே பொன்.

தென்காசிக் கல் சொல்வது

இவ்வூர்ப் பெரிய கோயில் யாரால் எழுப்பப்பட்டது? அரிகேசரி பராக்கிரம பாண்டியனால். அவன் 1422ஆம் ஆண்டில் அரியணை ஏறியவன். இறைவன் கனவில் தோன்றினான் என்றும், எறும்பின் வரிசையைத் தொடர்ந்து சென்று இடங்கண்டான் என்றும் ஊரார் வழங்குவர். அஃது இனிய கதை. ஆயினும் அக்கதையை முதலில் எழுதிவைத்தவர் யார், எப்பொழுது என்று கேட்பின் விடை எளிதில் வாராது. கோயிலில் பொறிக்கப்பட்ட அம்மன்னன் பாடல்களோ கண்முன் நிற்கின்றன. பிற்காலத்தில் இக்கோயிலைக் காப்பார் எவராயினும் அவர் அடியில் தான் வீழ்ந்து வணங்குவதாக முடிதாங்கிய மன்னன் அங்கே சொல்கின்றான். கனவுக்கதையினும் இச்செய்தி எவ்வளவு உயர்ந்தது! கதையிலே மன்னன் பெருமை இறைவனிடமிருந்து வருகின்றது. கல்லிலே அவன் பணிவிலிருந்து வருகின்றது. சான்றைத் தேடிச் சென்றால் பெருமை குறையும் என்று அஞ்சுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கல்லையும் கண்மூடி நம்பிவிட முடியாது. தென்காசிப் பாண்டியருள் பராக்கிரமன் என்னும் பெயருடையார் ஒருவரல்லர், பலர். ஒரு கல்வெட்டில் அப்பெயரைக் கண்டவுடன் கோயில் எடுத்தவனே இவன் என்று முடிவு கட்டலாகாது. ஆண்டுக் குறிப்பைப் பார்க்க வேண்டும். சக ஆண்டு இருப்பின் 78 கூட்டுக. இப்பக்கத்தில் மிகுதியும் வழங்கிய கொல்லம் ஆண்டாயின், மாதத்திற்கேற்ப 824 அல்லது 825 கூட்டுக. வெறும் ஆட்சியாண்டு மட்டும் இருப்பின் எழுத்தின் வடிவு, மெய்க்கீர்த்தி, உடன்குறித்த பெயர்கள் ஆகியவற்றை ஒப்பிட்டே காலம் துணிய வேண்டும். எளிய கூட்டல் கணக்கில் தவறி மூன்று நூற்றாண்டைத் தாண்டிக் குதித்த கட்டுரைகளும் உண்டு.

கோபுரத்தைப் பற்றியும் ஒரு பயிற்சி. இன்று நிற்கும் ஒன்பது நிலைக் கோபுரம் 1990ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. பழைய கோபுரம் எவ்வாறு சிதைந்தது? மின்னல் என்பார் சிலர். தீ என்பார் சிலர். ஆண்டையும் ஆளுக்கொன்றாக எழுதுவர். மாணவன் என் செய்ய வேண்டும்? எவர் குரல் உரத்தது என்று பார்த்தல் ஆகாது. கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி வரலாறு 1881ஆம் ஆண்டிலும், பேட் என்னும் ஆங்கில அலுவலர் தொகுத்த திருநெல்வேலி மாவட்ட விளக்கநூல் 1917ஆம் ஆண்டிலும் அச்சேறின. இத்தகைய பழைய நூல்களையும் பயணக் குறிப்புகளையும் பழைய படங்களையும் கால வரிசையில் அடுக்க வேண்டும். முன்னைய ஆவணம் ஒன்றில் கோபுரம் சிதைந்து நிற்கக் காணப்படின், அதற்குப் பிற்பட்ட ஆண்டைச் சொல்லும் கட்டுரை எத்தனை படி விற்றிருந்தாலும் வீழ்ந்துபடும். ஒரே செய்தியைப் பத்து நூல்கள் சொன்னால் பத்துச் சான்று ஆகிவிடாது. ஒன்பதும் ஒன்றைப் பார்த்து எழுதியவையாயின் சான்று ஒன்றே.

குற்றாலத்துச் சான்றுகள்

குற்றாலத்திற்கு வருவோம். அதன் தொன்மைக்குத் திருஞானசம்பந்தர் பதிகங்களே போதும்; ஏழாம் நூற்றாண்டில் இவ்வூரும் குறும்பலாவும் பாடல் பெற்றிருந்தன என்பது அதனால் உறுதியாகின்றது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலத்திற்குத் தலபுராணமும் பாடினார், குறவஞ்சியும் பாடினார். அவர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தவர். மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அவர்க்கு அளித்த நிலம் குறவஞ்சி மேடு எனப்பட்டது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தலபுராணம் ஊரின் தோற்றத்தைக் கூறும். ஆயினும் அத்தோற்றத்திற்கு அது சான்று ஆகாது. பதினெட்டாம் நூற்றாண்டில் மக்கள் அவ்வூரைப் பற்றி என்ன நம்பினர் என்பதற்கு அது சான்று. குறவஞ்சி மலைவளத்தை உயர்த்திப் பாடும். அதைக் கொண்டு மலையில் என்னென்ன விலங்கு இருந்தன என்று கணக்கெடுத்தல் ஆகாது. ஆனால் சிங்கன் பறவை பிடிக்கும் பகுதியில் வரும் வயல்களின் பெயரும், பறவைகளின் பெயரும், வேட்டைக் கருவிகளின் பெயரும் அக்கால வழக்கிற்கு அரிய சான்றுகள். ஒரே நூல் ஒரு வினாவிற்கு வலிய சான்றாகவும் மற்றொரு வினாவிற்கு ஒன்றுமில்லாததாகவும் இருக்கும். “இந்நூல் நம்பத்தக்கதா?” என்று மொட்டையாகக் கேட்டல் பயனில்லை. “எதற்கு நம்பத்தக்கது?” என்று கேட்க வேண்டும்.

சுவையும் சுவடியும்

குற்றாலத்தில் வாழ்ந்து 1954ஆம் ஆண்டில் மறைந்த இரசிகமணி டி.கே.சிதம்பரநாதரை அறியாதார் இல்லை. கம்பனைப் பண்டிதர் கூடத்திலிருந்து பொதுமக்கள் முற்றத்திற்கு அழைத்து வந்த பெருமை அவர்க்குண்டு. ஆயின் அவர் தம் பதிப்பில் கம்பன் பாடல்களுள் மிகப் பலவற்றை இடைச்செருகல் என ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையும் திருத்தி அமைத்தார். அதற்கு அவர் கொண்ட அளவுகோல் தம் செவியும் சுவையுணர்வுமே. அச்செவி நுண்ணியது என்பதில் ஐயமில்லை. எனினும் ஒருவர் செவிக்கு இனிக்காதது மற்றொருவர்க்கு இனிக்குமாயின் எது கம்பன் வாக்கு? சுவடி ஒன்றே அங்கே நடுவர்.

உ.வே.சாமிநாதர் வேறு நெறி நின்றார். அவரைத் தாங்கிய திருவாவடுதுறைச் சுப்பிரமணிய தேசிகர், தென்காசியை அடுத்த மேலகரத்தில் பிறந்தவர். அவ்வாதரவில் வளர்ந்த சாமிநாதர் இந்நெல்லைச் சீமைக் கவிராயர் வீடுகளிலும் ஏறி இறங்கிச் சுவடி தேடினார். கிடைத்த சுவடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். பாட வேறுபாடுகளை அடிக்குறிப்பில் தந்தார். எந்தச் சுவடி யாரிடமிருந்து கிடைத்தது என்று முகவுரையில் எழுதினார். அவர் கொண்ட பாடம் தவறு என்று கருதுவானுக்கும், மறுப்பதற்குரிய கருவியை அவரே கையில் கொடுத்துச் சென்றார். இதுவே சான்றாண்மை. திருத்தியவர் திருத்தியதை மறைத்துவிட்டால் பின்வருவான் குருடனாகின்றான்.

இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. வையாபுரியாரின் காலக் கணிப்புகள் தமிழ்ப் பற்றாளர் பலர்க்கு உடன்பாடில்லை. உடன்பட வேண்டியதுமில்லை. ஆயின் மறுப்பது எப்படி? பாவாணர் வழிகாட்டினார். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகரமுதலியில் தென்சொற்கள் பல வடசொல்லாகக் குறிக்கப்பட்டதை அவர் கண்டார். வெறும் வசையோடு நிற்காமல், சொல் சொல்லாக எடுத்து, வேர் காட்டி, இனச்சொல் அடுக்கி மறுத்தார். எதிரியின் நூலை முழுதும் படித்தவனே எதிரியை மறுக்க முடியும். அந்நூலைத் தொடாமலே திட்டுவான் தன் கூட்டத்தாரின் கைத்தட்டலை மட்டும் பெறுவான்.

விரும்பும் செய்தியை முதலில் ஐயுறுக

இனிச் சொல்லப்போவது சிலர்க்கு உறைக்கலாம். உறைத்தாலும் சொல்ல வேண்டியதே.

தலைக்கழகம் 4,440 ஆண்டும், இடைக்கழகம் 3,700 ஆண்டும், கடைக்கழகம் 1,850 ஆண்டும் நிலவின என்று மேடைதோறும் கேட்கின்றோம். இவ்வெண்கள் எங்கிருந்து வந்தன? இறையனார் களவியல் உரையிலிருந்து. அவ்வுரை, அது கூறும் கழகங்களுக்கு நெடுங்காலம் பிற்பட்டது. பஃறுளிக்கும் குமரிக்கும் இடையே 700 காவதம் என்பதும், 49 நாடுகள் கடல்கொண்டன என்பதும் சிலப்பதிகாரத்திற்கு அடியார்க்குநல்லார் வரைந்த உரையில் உள்ளன. இளங்கோவடிகளோ பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல்கொண்டதைச் சுட்டுகின்றாரேயன்றிக் காவதக் கணக்கு எழுதவில்லை. மாணவன் எங்ஙனம் எழுத வேண்டும்? “கழகம் 9,990 ஆண்டு நிலவியது” என்று எழுதலாகாது. “9,990 ஆண்டு நிலவியதாகக் களவியல் உரை கூறும்” என்று எழுத வேண்டும். “கூறும்” என்னும் அந்த ஒரு சொல்லில் ஆராய்ச்சியாளன் மானம் இருக்கின்றது. அச்சொல்லைச் சேர்ப்பதால் தமிழன் தாழ்ந்துவிடான். அதைச் சேர்க்காமல் எழுதினால்தான், உரை எக்காலத்தது என்று ஒருவன் வினவும்பொழுது தலைகுனிய நேரும்.

கீழடியைப் பாருங்கள். 2014ஆம் ஆண்டு முதல் தொடங்கிய அகழாய்வில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிமப் பொருள் கி.மு. 580ஆம் ஆண்டினது என அதில் குறிக்கப்பட்டது. ஆழம் உண்டு, மண்ணடுக்கு உண்டு, ஆய்ந்தறிந்த ஆய்வுக்கூடத்தின் பெயர் உண்டு. மறுப்பார் மறுக்கட்டும், எதை மறுப்பது என்பது தெளிவாக உள்ளது. ஆயிரம் மேடை முழக்கம் செய்யாததை அந்தச் சிறு கரித்துண்டு செய்தது. தமிழின் தொன்மை மெய்யானது. ஆகவே அது பொய்த்துணை நாடி நிற்க வேண்டியதில்லை. 353 என்னும் எண்ணுக்கு இருக்கும் வலிமை “பல்லாயிரம் ஆண்டு” என்னும் தொடருக்கு இல்லை.

சங்கரன்கோயில் பாவாணர் பிறந்த மண். இன்று தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. இம்மாவட்டத்து மாணவர் அவரைப் போற்றும் முறை யாது? “பாவாணர் சொன்னார், முடிந்தது” என்பது போற்றுதல் ஆகாது. அவர் காட்டிய வேரைத் தேடி, அவர் எடுத்த மேற்கோளை மூலத்தோடு ஒத்துப் பார்த்து, பொருந்தும் இடத்தில் வலுச்சேர்த்து, பொருந்தாத இடத்தைப் பணிவோடு சுட்டுவதே போற்றுதல். வாழ்நாள் முழுதும் வேர் தேடியவர்க்கு வேர் தேடாத மாணவன் எப்படி வழித்தோன்றல் ஆவான்? யார் சொன்னாலும் சொல்லப்பட்டதன் மெய்ம்மையைக் காண வேண்டும் என்பதே வள்ளுவர் காட்டிய அறிவு. ஆசிரியனையும் தலைவனையும் அதற்கு விலக்காக்கவில்லை அவர்.

சான்றைக் காத்தலும் கடமையே

சான்று தேட வேண்டும் என்றால் சான்று கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டாவா? தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் நெடுங்காலம் மைசூரில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தமிழ்நாட்டு மாணவன் தன் ஊர்க்கல்லின் படியைக் காண வேற்று மாநிலம் செல்ல வேண்டியிருந்தது. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவருமாறு 2021ஆம் ஆண்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. வழக்காடிப் பெற வேண்டியிருந்தது அவ்வுரிமை!

செங்கோட்டை 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர்ப் பக்கத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே அவ்வட்டத்து நிலத்தையோ குளத்தையோ ஆராய்பவன் நெல்லை ஆவணங்களோடு நின்றுவிட்டால் பாதியைத்தான் காண்பான். மறுபாதி திருவனந்தபுரத்துப் பழைய ஆவணங்களில் உள்ளது. எல்லைக்கோடு நகரும்பொழுது ஆவணம் உடன்நகர்வதில்லை. இதை அறியாமல் “செங்கோட்டைக்கு ஆவணமே இல்லை” என்று எழுதுவது தேடாதவன் தீர்ப்பு.

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஓர் இனத்தை அழிக்க எண்ணுவான் அதன் சான்றுகளையே முதலில் தேடுகின்றான். பகைவன் சான்றின் விலையை அறிந்திருக்கின்றான், தமிழன் அறிந்திருக்கின்றானா? வீட்டுப் பரணில் கிடக்கும் ஓலையைப் பொங்கலுக்கு முன்னாள் எரிப்பவனும், கோயில் கல்வெட்டின்மீது சுண்ணாம்பு அடிப்பவனும், மணல்வீச்சால் எழுத்தைத் தேய்ப்பவனும் அதே வேலையை அறியாமல் செய்கின்றனர்.

நல்ல செய்தியும் உண்டு. சென்னையில் கன்னிமாரா நூலகமும், அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும், உரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உள்ளன. 1998 முதல் மதுரைத் திட்டத்தார் தமிழ் நூல்களை மின்வடிவில் ஏற்றி வருகின்றனர். ஈழத்து ஏடுகளை நூலகம் என்னும் முயற்சியினர் 2005 முதல் திரட்டினர். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் பழம் பதிப்புகளின் பக்கங்களையே காணலாம். தென்காசியில் இருந்தபடியே ஒரு மாணவன் நூறாண்டுப் பழமையான பதிப்பின் முகவுரையைப் படிக்க இயலும். முன்னோர் மாட்டு வண்டியேறித் தேடியது இன்று விரல்நுனியில் கிடைக்கின்றது.

அதே விரல்நுனியில் பொய்யும் வருகின்றது. புலனத்தில் வரும் செய்திக்கு எழுதியவன் பெயரில்லை, நாளில்லை, நூலில்லை. வினவினால் விடை எழுதித் தரும் பொறிகள் இன்று வந்துவிட்டன. அவை இல்லாத நூலுக்கும் பெயர் சூட்டும். எழுதாத ஆசிரியர்க்கும் மேற்கோள் படைக்கும். அப்பொறியை வழிகாட்டும் பலகையாகக் கொள்ளலாம், சான்றாகக் கொள்ளலாகாது. பலகை காட்டும் ஊருக்குத் தானே நடந்து சென்று பார்த்தவனே ஊரைக் கண்டவன்.

ஆகவே ஒரு செய்தியைக் கையிலெடுக்கும் மாணவன் நான்கு வினாக்களை எழுப்புக. சொன்னவர் யார்? நிகழ்ச்சிக்கும் அவர்க்கும் இடைப்பட்ட காலம் எவ்வளவு? அவர்க்கு அது தெரிய வந்த வழி யாது? அவரைச் சாராத வேறொரு சான்று அதனை உறுதி செய்கின்றதா? இவற்றோடு தன்னையே பார்த்து ஐந்தாவது வினாவையும் கேட்க: “இச்செய்தி எனக்கு இனிக்கின்றது என்பதற்காகவே இதனை நம்புகின்றேனா?”

ஒவ்வொரு மாணவனும் தன் ஊரின் ஒரு கல்வெட்டை, ஒரு குளத்தின் பெயரை, ஒரு பழஞ்சொல்லை எடுத்துக்கொள்க. அதன் ஊற்றுக்கண் வரை ஏறுக. வழியில் கண்டதை ஆண்டு, பக்கம், இடம் குறித்து எழுதுக. ஐயமுள்ள இடத்தில் ஐயம் என்றே எழுதுக. அத்தகைய நூறு சிறு கட்டுரைகள் இம்மாவட்டத்திலிருந்து எழுமாயின், அவை நூறு மேடைகளினும் தமிழுக்கு அரண் செய்யும். பராக்கிரம பாண்டியன் தன் கோயிலைக் காப்பார் அடியில் வீழ்ந்தான். மொழியின் சான்றுகளைக் காப்பார்க்கு வருங்காலத் தமிழகம் அவ்வாறே தலைவணங்கும்.

மெய்யே தமிழின் வாள். சான்றே அதன் கூர்.

வெல்க தமிழ்!